மூக்கின் கீழ் ஒரு சிறு பள்ளம்



இப்பக்கத்திற்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை நமது வீட்டுக்கு நாம் என்ன செய்யலாம் என்று கேட்பவை. மகன் படிப்பில் பின்தங்குகிறான், கணவர் குடியை விட மறுக்கிறார், மாமியார்க்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் என்று பலவகைத் துயரங்கள் அவற்றில் இருக்கும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதை எழுதிய தாய் தம் வீட்டுக்காக ஒன்றும் கேட்கவில்லை. பிறர் வீட்டுக்காகக் கேட்டிருக்கிறார்.

அவருடைய மகனுக்கு எட்டு வயது. பிறக்கும்போதே மேலுதடும் அதன் உட்புறத்தே அண்ணமும் பிளந்திருந்தன. ஐந்தாம் மாதத்தில் உதட்டையும், ஒன்றேகால் வயதில் அண்ணத்தையும் மருத்துவர்கள் தைத்துச் சேர்த்தனர். இப்போது உதட்டின் மேல் ஒரு தழும்பும், பேச்சில் சிறிது மூக்கொலியும் எஞ்சியுள்ளன. இவ்வாண்டு அவன் புதுநன்மைக்கு ஆயத்தமாகிறான். ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் நடைபெறும் மறைக்கல்வி வகுப்புக்கு மூன்று வாரம் மகிழ்ச்சியோடு சென்றான். நான்காம் ஞாயிறு வயிற்றுவலி என்றான். ஐந்தாம் ஞாயிறும் வயிற்றுவலி. ஆறாம் ஞாயிறன்று தாய் வற்புறுத்திக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிச் சிலுவை அடையாளம் வரைந்து காட்டச் சொன்னார்களாம். பாட்டி கற்பித்த பழைய முறைப்படி அவன் தொடங்கியிருக்கிறான். "பிதா" என்னும் சொல் அவன் வாயில் "மிதா" என்று ஒலித்தது. வகுப்பு சிரித்தது. அன்றுமுதல் அவன் பெயர் "மிதா". கோவில் முற்றத்தில் அந்தப் பெயர், பள்ளிப் பேருந்தில் அந்தப் பெயர், தெருவில் பந்து விளையாடும்போதும் அந்தப் பெயர்.

"என் மகனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். மற்ற வீடுகளில் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் எழுதக்கூடாதா?" என்று முடிகிறது அக்கடிதம்.

எழுதுகிறோம். ஆனால், பிறருக்குச் சொல்வதற்கு முன் நாம் செய்த குற்றம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

திரைக்குப் பின்னால் ஒரு சிறுமி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் கிறிஸ்து பிறப்பு நாடகத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வானதூதர் வேடத்திற்கு ஆறு சிறுமியர் தேவை. வந்தவர்களுள் ஒருத்திக்கு உதட்டில் இதே போன்ற தழும்பு. நல்ல குரல், நல்ல நினைவாற்றல். பிறர் வசனங்களைக்கூட அவள் மனப்பாடமாகச் சொன்னாள். நாம் அவளைத் திரை இழுக்கும் வேலைக்கு வைத்தோம்.

அதற்கு நாம் சொன்ன காரணம், "பொறுப்பான பிள்ளை வேண்டும்" என்பது. உண்மையான காரணம் வேறு. முன்வரிசையில் அமர்ந்திருப்போர் ஏதேனும் பேசுவார்களே என்று அஞ்சினோம். அவளைக் காப்பதாக நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். காத்ததோ நம் நாடகத்தின் அழகை! அன்றிரவு அவள் ஒருமுறைகூடத் தவறாமல் திரையை இழுத்தாள். நாடகம் முடிந்ததும் அவள் தாய் நம்மிடம் வந்து நன்றி சொல்லிச் சென்றார். அந்த நன்றி இன்றும் நம்மை உறுத்துகிறது.

எவரும் அவளை ஏளனம் செய்யவில்லை. தீய சொல் ஒன்றும் பேசப்படவில்லை. ஆயினும் அங்கிருந்த நாற்பது பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் கற்றிருப்பார்கள்: இத்தகைய முகத்தை மேடையில் வைக்கலாகாது என்ற பாடம். அதை நாம் வாய் திறவாமலே கற்பித்தோம். ஆகவே, பிள்ளைகள் சிரித்தார்கள் என்று கேட்டவுடன் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்றே தேடத் தோன்றுகிறது.

உதடு எவ்வாறு உருவாகிறது?

அச்சமும் ஏளனமும் பெரும்பாலும் அறியாமையிலிருந்தே பிறக்கின்றன. ஆதலின் முதலில் உண்மையை அறிவோம்.

தாயின் வயிற்றில் கரு வளரும்போது முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. மேலிருந்தும் இருபுறங்களிலிருந்தும் சிறுசிறு திசுப் புடைப்புகள் வளர்ந்து, நடுவே வந்து ஒன்றோடொன்று இணைகின்றன. அப்படி இணைந்தே மேலுதடு உருவாகிறது. இது கருவுற்ற நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே நிகழ்கிறது. வாயின் மேற்கூரையாகிய அண்ணம் ஆறாம் வாரத்திற்கும் ஒன்பதாம் வாரத்திற்கும் இடையே இவ்வாறே இருபுறமிருந்தும் வந்து சேர்கிறது. ஏதோ காரணத்தால் இணைப்பு முழுமை பெறாவிட்டால், உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு நின்றுவிடுகிறது.

கண்ணாடி முன் நின்று உங்கள் மூக்கின் கீழே பாருங்கள். மேலுதட்டின் நடுவே ஒரு சிறு பள்ளமும், அதன் இருபுறமும் இரு மெல்லிய வரம்புகளும் தெரியும். இணைப்பு நிகழ்ந்த இடத்தின் அடையாளம் அது. நம்முள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் சேராத உதட்டோடு இருந்தவர்களே. நமக்குத் தாயின் வயிற்றில் சேர்ந்தது; அச்சிறுவனுக்கு மருத்துவரின் ஊசியால் சேர்ந்தது. அவனுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இது அரிதான நிகழ்ச்சியுமன்று. நாட்டுக்கு நாடு கணக்கு மாறினும், 700 முதல் 1500 வரையிலான பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது. ஏழை, செல்வர் என்ற பாகுபாடோ, சாதி, சமய வேறுபாடோ இதற்கு இல்லை. பெரிய பங்கு ஒன்றில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் இத்தகைய குழந்தை திருமுழுக்குத் தொட்டிக்கு வரும் என்று எதிர்பார்க்கலாம்.

கிரகணத்தின் மேல் பழி

நம் நாட்டில் இப்பிளவுக்குக் கிரகணத்தைக் காரணம் காட்டுவார்கள். கருவுற்றவள் கிரகண வேளையில் வெளியே வந்தாள், அரிவாள்மனையில் காய் நறுக்கினாள், அதனால் பிள்ளையின் உதடு அறுந்தது என்பார்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் இப்பேச்சு இல்லாமலில்லை. கடல் கடந்த மெக்சிகோ நாட்டிலும் பழங்காலந்தொட்டு இதே நம்பிக்கை உண்டு. கிரகணத்தில் நிலவு கடிபடுவதாகவும், அதைக் காணும் தாயின் பிள்ளைக்கு வாயில் கடிபட்ட குறி விழுவதாகவும் அங்கே கருதினர். ஐரோப்பாவில் கருவுற்றவளின் குறுக்கே முயல் ஓடியதால் வந்தது என்றனர். கதைகள் வேறு வேறு. ஆனால் எல்லாக் கதைகளிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் ஒருத்தியே. அவள் தாய்.

சிறிது எண்ணிப் பாருங்கள். ஏழாம் வாரம் முடிவதற்குள் உதடு இணைந்துவிட வேண்டும். அவ்வேளையில் தாம் கருவுற்றிருப்பதையே அறியாத பெண்கள் பலர். ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ வந்த கிரகணம், ஏழாம் வாரத்திலேயே முடிந்துவிட்ட செயலை எவ்வாறு கெடுக்கும்? ஒரே ஊரில் ஒரே கிரகணத்தின்போது எத்தனையோ பெண்கள் கருவுற்றிருந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் உதடு பிளந்ததா? கிரகணம் என்பது ஒரு நிழல். நிழல் உதட்டை அறுப்பதில்லை.

மருத்துவம் கூறும் காரணங்கள் வேறு. மரபுவழியும் சூழலும் சேர்ந்தே இது நிகழ்கிறது என்கிறார்கள். கருவுற்ற தொடக்கத்தில் புகைபிடித்தல், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் பெரும்பாலான குழந்தைகளிடத்தில் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. வலிப்புக்கு மருந்து உண்ணும் பெண்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு நடத்தல் நலம்.

பால் குடிப்பதே போராட்டம்

இக்குழந்தையை வளர்த்த தாய் எத்தனை தொலைவு நடந்து வந்திருக்கிறாள் என்பதை நாம் அறிவதில்லை. அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க இயலாது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பு இல்லாமையால் குடித்த பால் மூக்கு வழியே வரும். நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையே இங்குக் கைகொடுக்கிறது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். காற்றையும் விழுங்கிவிடுமாதலால் அடிக்கடி தோளில் போட்டுத் தட்டித்தர வேண்டும். பிற தாய்மார் சில நிமிடங்களில் முடிக்கும் வேலை இவளுக்கு நெடுநேரம் பிடிக்கும். இரவிலும் அப்படியே.

பின்னர் அறுவை மருத்துவம். குழந்தைக்குப் பத்து வாரம், பத்து பவுண்டு எடை, இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற மூன்று பத்துகளையும் பார்த்தே உதட்டைத் தைப்பது மருத்துவர்களின் பழைய வழக்கம். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் உதட்டையும், ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திற்குள் அண்ணத்தையும் சேர்க்கிறார்கள். பல் ஈற்றிலும் பிளவு இருந்தால் பிற்பாடு எலும்பு ஒட்டும் மருத்துவமும் தேவைப்படலாம்.

தைத்த பின்னும் பேச்சு உடனே நேராகிவிடுவதில்லை. ப, த, க போன்ற வல்லின ஒலிகளுக்கு வாய்க்குள் காற்றை அடைத்து வெளிவிட வேண்டும். காற்று மூக்கு வழியே கசிந்தால் அவை மெலிந்துவிடும். ம, ந போன்ற மெல்லினங்களோ இயல்பிலேயே மூக்கொலிகள். ஆகவே அக்குழந்தை "அம்மா" என்பதைத் தெளிவாகச் சொல்லும். "அப்பா" என்பதும் ஏறத்தாழ "அம்மா" போலவே ஒலிக்கும். "பிதா" ஏன் "மிதா" ஆயிற்று என்று இப்போது விளங்குகிறதன்றோ? அவன் தவறாகச் சொல்லவில்லை. நம்மைவிடப் பத்து மடங்கு முயன்று சொல்லியிருக்கிறான்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தங்குதல் மிகுதி. அதனால் காது சிறிது மந்தமாகலாம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை "கவனமில்லாதவன்" என்று கடிவதற்கு முன் முன்வரிசையில் அமர்த்திப் பாருங்கள். வேறு குறையின்றிப் பிளவு மட்டும் உள்ள பிள்ளைகளின் அறிவுத்திறன் மற்றப் பிள்ளைகளினது போன்றதே. பேச்சு தெளிவற்றிருப்பதால் சிந்தனையும் தெளிவற்றிருக்கும் என எண்ணுவது நம் பிழை.

செலவுக்கு அஞ்சி எவரும் இம்மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட "ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம்" என்னும் நடுவண் அரசின் குழந்தைகள் நலத் திட்டம் உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் உள்ளடக்கியது. அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து மேல் மருத்துவத்துக்கு அனுப்பும் திட்டம் அது. தொண்டு நிறுவனங்களின் துணையோடு இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் உள. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்த பிங்கி சோன்கர் என்னும் ஏழைச் சிறுமி, பிளந்த உதட்டால் பிற பிள்ளைகளிடமிருந்து ஒதுக்கப்பட்டிருந்தாள். வாரணாசியில் இலவசமாக நடந்த அறுவை மருத்துவத்தால் அவள் வாழ்வு மாறியது. அதைக் காட்டிய "ஸ்மைல் பிங்கி" என்னும் குறும்படம் 2009-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. 2013-இல் விம்பிள்டன் ஆடவர் இறுதிப் போட்டியில் நாணயம் சுண்டிவிட அச்சிறுமியே அழைக்கப்பட்டாள்.

ஆயினும் எல்லா வேறுபாடுகளையும் ஊசியால் தைத்துவிட முடியாது. போலியோவால் மெலிந்த கால், தோலில் பரவிய வெண்புள்ளி, வளராத உயரம், தீயில் வெந்த முகம் இவற்றோடு வாழ்நாள் முழுதும் வாழ்வோர் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்துவது நம் வேலையன்று. நம் பார்வையைத் திருத்துவதே நம் வேலை.

யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவர் மேலும் பழி இல்லை என்று ஆண்டவர் தெளிவாக மறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்பகுதியைக் கோவிலில் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் "எந்தப் பாவமோ, பிள்ளை இப்படிப் பிறந்திருக்கிறது" என்று பெருமூச்சு விடுகிறோம். சீடர்கள் ஒருமுறைதான் கேட்டார்கள். நாம் ஒவ்வொரு தொட்டிலருகிலும் கேட்கிறோம்.

பெற்றோரே இவ்வெட்கத்திற்கு அடிமையானால் என்ன நேரும் என்பதற்குக் காஸ்தெல்லோ நகர மார்கரீத்தாவின் வாழ்வு சான்று. இத்தாலி நாட்டில் மெத்தோலா என்னுமிடத்தில் 1287-இல் செல்வக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பார்வை இல்லை. முதுகு கூன். உடல் மிகக் குள்ளம். பெற்றோர் வெட்கத்தால் அவரை ஒரு சிற்றாலயத்தை ஒட்டிய அறையில் அடைத்து வைத்தனர் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர் புதுமை நடக்கும் என்று எதிர்பார்த்துச் சித்தா தி காஸ்தெல்லோ நகருக்கு அழைத்துச் சென்றார்கள். புதுமை நடக்கவில்லை. மகளை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பெருந்துயரம். ஆனால் அந்நகரத்து ஏழைகள் அவரைத் தங்கள் வீடுகளில் மாறி மாறி வைத்துக் காத்தனர். அவர் தொமினிக் சபையின் பொதுநிலை உறுப்பினராகி, நோயாளரையும் சிறைப்பட்டோரையும் தேடிச் சென்று ஆறுதல் தந்தார். 1320-இல் இறந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஏப்ரல் 24 அன்று புனிதர் எனத் திருச்சபைக்கு அறிவித்தார். அவரை எண்ணும்போதெல்லாம் அந்த ஏழை வீடுகளையும் எண்ணுகிறோம். புதுமையைத் தேடி வந்த பெற்றோர் வெறுங்கையோடு திரும்பினர். அவ்வீட்டார் கதவைத் திறந்தனர். ஒரு பங்கு என்பது அந்நகரத்தைப் போல இருக்க வேண்டாமா?

வீட்டில் தொடங்குவோம்

இனி, அத்தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் வீடுகளில் என்ன சொல்ல வேண்டும்?

முதலாவது, பிள்ளை கேட்கும்போது வாயைப் பொத்தாதீர்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை பேருந்தில் ஒருவரைச் சுட்டி, "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் கால் இல்லை?" என்று உரக்கக் கேட்கும். உடனே நாம் தொடையில் கிள்ளி, "சும்மா இரு, பார்க்காதே" என்கிறோம். பிள்ளை கேட்டது அறியும் ஆவலால். நாம் கொடுத்ததோ அச்சம். பார்க்கவும் பேசவும் தகாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது என்று அது முடிவு செய்துகொள்கிறது. "அவருக்கு ஏதோ காரணத்தால் கால் இல்லை. கோல் ஊன்றி நன்றாக நடக்கிறார். அவருக்கு வணக்கம் சொல்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். அவரும் பெரும்பாலும் புன்னகைத்து வணங்குவார்.

இரண்டாவது, நம் நாவைக் காப்போம். நொண்டி, கூனன், மாறுகண்ணன், சொட்டையன், குள்ளன், கரியன் என்று உடலை வைத்தே ஊரில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். "நம்ம நொண்டி மளிகைக்கடையில் வாங்கி வா" என்று தந்தை சொல்லி அனுப்புகிறார். அதே மகன் மறைக்கல்வி வகுப்பில் இன்னொருவனுக்கு "மிதா" என்று பெயர் வைத்தால் அவனை மட்டும் அடிப்பது நீதியா? அரசின் ஏடுகளில் "ஊனமுற்றோர்" என்ற சொல் போய் "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல் வந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் உரிமைகளை 21 வகையினருக்கு விரித்துரைக்கிறது. சட்டம் மாறிய அளவு நம் திண்ணைப் பேச்சு மாறவில்லை. அந்தக் கடைக்காரருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கும். இன்று அதைக் கேட்டறிந்து வந்து வீட்டில் சொல்லுங்கள்.

மூன்றாவது, இரக்கத்தையும் அன்பையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள். "ஐயோ பாவம்" என்று சொல்லி மிட்டாய் கொடுப்பது எளிது. அப்பிள்ளையைத் தம் பிள்ளையோடு சண்டையிட்டு விளையாட விடுவது கடினம். அவனுக்கு வேண்டியது மிட்டாயன்று, பந்து. பிறந்தநாளுக்கு அழையுங்கள். அவன் அணியில் சேர்ந்து தோற்கட்டும், வெல்லட்டும். அவன் தவறு செய்தால் மற்றவர்களைப் போலவே அவனையும் கண்டியுங்கள். சலுகையும் ஒருவகைத் திரைதான் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

நான்காவது, கேட்கும் பொறுமையைக் கற்பியுங்கள். பேச்சு தெளிவில்லாத ஒருவர் பேசும்போது விளங்கியதாகத் தலையாட்டிவிட்டுப் போவது மரியாதை போலத் தோன்றும். அது மரியாதையன்று. "விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்" என்று கேட்டு நிற்பதே மரியாதை. சொல்லி முடிக்குமுன் அவர் வாக்கியத்தை நாம் முடித்துவிடவும் கூடாது.

இவ்விடத்தில் நம் முன்னோர் ஒருவரை நினைவுகூர விரும்புகிறோம். 1013-இல் பிறந்த ஹெர்மன் என்னும் துறவி, கான்ஸ்தன்ஸ் ஏரித் தீவிலுள்ள ரைஹனாவ் மடத்தில் வாழ்ந்தவர். அவரால் நடக்க இயலாது. நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள். பேச்சும் எளிதில் விளங்காது. ஆனால் கேட்கும் பொறுமையுள்ளவர்கள் அவருக்கு வாய்த்தார்கள். வரலாறு, வானியல், இசை மூன்றிலும் நூல்கள் எழுதினார். மாணவர் பலர் அவரை நாடி வந்தனர். நாம் செபமாலையின் முடிவில் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரத்தின் இலத்தீன் மூலத்தை இயற்றியவர் இவரே என நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அறிஞர்கள் அதை உறுதி செய்யவில்லை. ஆயினும் அப்பெரும் செபத்தைத் திருச்சபை மக்கள் அவர் பெயரோடு சேர்த்தே நினைத்தார்கள் என்பது சிறிய செய்தியன்று. பேச்சு விளங்காத பிள்ளை என்று அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

உருவத்தைக் கண்டு எவரையும் இகழாதே என்று நம் வள்ளுவரும் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தி, உருண்டோடும் பெருந்தேரைத் தாங்கும் சிறு அச்சாணியைக் காட்டியிருக்கிறார். தேர்த் திருவிழா காணும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை. தேர்ச் சக்கரத்தருகே அழைத்துச் சென்று அச்சாணியைத் தொட்டுக் காட்டுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

சிரிப்பு எழுந்த அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்தார் என்று கடிதத்தில் இல்லை. கேட்டும் கேளாதவர் போல அடுத்த பிள்ளையை எழுப்பியிருக்கலாம். நாமும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் அந்த மௌனத்தைப் பிள்ளைகள் இசைவாகவே கொள்வார்கள். கூச்சலிட்டுத் தண்டிக்க வேண்டியதில்லை. அது அவனுக்கு மேலும் வெட்கத்தையே தரும். "அவன் சொன்னது சரி. எனக்கு நன்றாக விளங்கியது" என்று ஒரே சொல்லில் அவன் பக்கம் நின்றால் போதும். தனியே உரக்கச் சொல்ல வைப்பதற்குப் பதிலாகச் சில வாரம் இருவர் இருவராகச் சொல்ல வைக்கலாம். சிரித்த பிள்ளைகளின் பெற்றோரைத் தனியே கண்டு பேசலாம். அது புகாராக இல்லாமல் உதவி கேட்பதாக இருக்கட்டும்.

அந்தத் தாய்க்கு

அம்மா, உங்களுக்கு நாம் கற்பிக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். யாரேனும் கேட்டால் சொல்வதற்குச் சிறிய விடை ஒன்றை உங்கள் மகனுக்குப் பழக்கி வையுங்கள். "பிறக்கும்போது உதடு சேரவில்லை. மருத்துவர் தைத்தார். இப்போது வலிக்காது. வா, விளையாடலாம்." இவ்வளவே. விடை கையில் இருக்கும் பிள்ளைக்கு வயிற்றுவலி குறையும். பேச்சுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். எட்டு வயது பிந்திய வயதன்று. புகைப்படம் எடுக்கும்போது அவனை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். புதுநன்மை நாளின் படம் நடுக்கூடத்தில் மாட்டப்பட வேண்டும்.

அவன் வகுப்புக்குத் திரும்பினானா என்பது இதை எழுதும் இவ்வேளையில் நமக்குத் தெரியாது. அது அவன் கையில் மட்டும் இல்லை. இப்பக்கத்தை வாசிக்கும் வீடுகளின் கையிலும் இருக்கிறது.

ஆகவே இன்றிரவு குடும்பச் செபத்துக்கு அமருமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து அதன் மூக்கின் கீழுள்ள சிறு பள்ளத்தில் வையுங்கள். "இங்கேதான் நீயும் சேர்ந்தாய்" என்று சொல்லுங்கள். எப்படி என்று அது கேட்கும். மேலே நாம் எழுதியதை உங்கள் சொற்களில் எடுத்துச் சொல்லுங்கள். பின்பு சிலுவை அடையாளம் வரைந்து செபத்தைத் தொடங்குங்கள்.